ஒன்பதாம் நம்பரை நம்பாதே

நிஜ ஃபுட்பால் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்துக்கொண்டு, அவர்கள் நிஜ மேட்சில் ஆடுவதற்கெல்லாம் புள்ளி போட்டு மோதுவது அந்த நண்பர்களின் பைத்தியம். லீவு வாரத்தில் நெட்டைக்கும் மெக்கானிக்குக்கும் மோதல். தோற்றவன் லீக்கை விட்டே வெளியே.

“ஒன்பதாம் நம்பரை ஏன்டா உன் டீம்ல எடுக்கல?” என்றான் மெக்கானிக், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானரைத் துடைத்தபடி.

“அவனா? முட்டி வலி. இந்த சீசன்ல ஒரு கோல்கூட இல்ல. சுத்த தண்டச்சோறு,” என்றான் நெட்டை.

“அப்படிச் சொல்லாத மச்சான். நான் அவனைத்தான் கேப்டனா போட்டிருக்கேன்.”

“அப்போ நீ காலி. என்மேல பழி போடாத.”

ஆட்டத்தன்று கடைசி நிமிடம் வரை கோலே விழவில்லை. நெட்டையின் கற்பனை டீம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அப்போது மூலையிலிருந்து பறந்து வந்த பந்து ஒன்பதாம் நம்பரின் தலையில் பட்டு, வலைக்குள் போய் விழுந்தது. அரங்கமே எழுந்து கூத்தாடியது.

நெட்டை மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட ஆடியவர்கள் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள்.

“ஜெயிச்சுட்டோம்டா! கோல் அடிச்ச நீயே ஏன்டா அழற?” என்று உலுக்கினான் கோல்கீப்பர்.

“நான் தோத்துட்டேன்டா,” என்றான் ஒன்பதாம் நம்பர்.