பேசாத ஸ்டேஷன் மாஸ்டர்

"அவர் என்னை ஒருநாளும் பேசினதில்லை, அக்கா" என்று சத்தியபாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த ராஜம்மாவின் கை அப்படியே நின்றது. "அலமாக்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்தா?" என்று மலாய்க்காரர்களைப் போல வாயைப் பிளந்தாள்.

"ஓம். ஒருக்காக்கூட இல்லை."

சத்தியபாமா, மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர் சோமசேகரத்தின் மனைவி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதுப்பெண். ராஜம்மாவின் புருஷன் வீரமுத்து, அதே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ராஜம்மா, போன மாதம்தான் ரயில்வே வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பழகுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ராஜம்மாவின் கணக்கில் உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம். மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறவர்கள், முழுங்கிவிடுகிறவர்கள். தான் முதல் ரகம் என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. மாஸ்டர் எந்த ரகம் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. பச்சைக்கொடி காட்டுவார், சிவப்புக்கொடி காட்டுவார், பல்லைக் காட்டி யாரும் பார்த்ததில்லை.

"அப்ப வீட்டுக்கு வந்தா என்னதாம்மா செய்வாரு?"

"கதைச்சுக்கொண்டே இருப்பார்" என்று சொல்லிச் சத்தியபாமா சிரித்தாள்.

கதை சொல்லத் தெரிந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாதா என்று ராஜம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், இந்தப் பெண் துக்கத்தை வெளியே காட்டாமல் சிரிக்கிறதே! இப்படியே விட்டால் ஒருநாள் கப்பலேறி ஊருக்கே போய்விடும்.

வீரமுத்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே அவள் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயி ஐயாகிட்டச் சொல்லுங்க."

"நானா? வேலை போயிரும் புள்ள!"

"வேலை போனா மறுபடி தோட்டத்துல மரம் சீவிக்கலாம். குடும்பம் போனா வருமா?"

அதற்கு மேல் வீரமுத்துவால் தப்ப முடியவில்லை. மறுநாள் மத்தியானம் சரக்கு ரயில் போனபின், மாஸ்டர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசுறதே இல்லைன்னு அம்மா எங்க வீட்டுல சொன்னாங்களாம்."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். "ஓம், நான் பேசுறதில்லை. அது பிழையோ?"

"பெரிய தப்புய்யா! அம்மாவ உக்கார வச்சு, நல்லா வாய்விட்டு நாலு வார்த்தை பேசுங்க. பேசினாத்தான்யா குடும்பம்."

"நீர் உம்மட பெண்சாதியைப் பேசுறனீரோ?"

"தெனமும் பேசுவேன்யா."

"அவ அழமாட்டாவோ?"

"அவ எதுக்கு அழுவுறா? நான் ஒண்ணு பேசினா அவ பத்து பேசுவா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்."

மாஸ்டர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். மேலிடத்து உத்தரவு எதுவானாலும் ஏன் என்று கேட்காமல் நிறைவேற்றிப் பழகிய மனிதர் அவர். "அவளே குறைப்பட்டாளெண்டால் செய்யத்தான் வேணும்" என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் சத்தியபாமாவைப் பார்த்ததும் ராஜம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன; விடிய விடியப் பேச்சு நடந்திருக்கிறது!

"ஐயா பேசினாராம்மா?"

"ஓம், அக்கா. வீட்டுக்குள்ள வந்ததும் வராததுமாத் துவங்கினவர். நல்லாப் பேசிப்போட்டார். ஏனெண்டே எனக்கு விளங்கேல்லை."

"போகப் போகப் புரியும்மா! இத்தனை நாளா அடைச்சு வச்சிருந்தாருல்ல, மொத்தமா வந்திருக்கும்."

"இண்டைக்கும் பேசுவாராம்."

"பேசட்டும்மா! வாய் வலிக்கப் பேசட்டும்!"

சத்தியபாமா அவளை ஒரு கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் பெட்டி கட்டிப்போட்டன். நாளைக்குச் சிங்கப்பூருக்கு ரயிலேறி, கப்பல் எடுத்து ஊருக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு, பாதி நிறைந்த வாளியோடு விசுக்கென்று வீட்டுக்குள் போனாள்.

புருஷனும் பெண்சாதியும் ஜோடியாக ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்ட ராஜம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடத்தைப் போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்கு ஓடினாள். "இந்தாங்க, சேதி கேட்டீங்களா? ஐயா ஒரே ஒருநாள் பேசினதுக்கே ஊர்ப்பயணம்! ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் போறாங்க!"

"பாத்தியா, எல்லாம் நான் சொன்ன விதம்" என்று வீரமுத்து மீசையைத் தடவிக்கொண்டான்.

அப்போது மாஸ்டர் வந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறியிருந்தன. இராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"என்னய்யா, இன்னிக்கும் அம்மாவ உக்கார வச்சுப் பேசுவீங்கதானே?" என்று வீரமுத்து உற்சாகமாகக் கேட்டான்.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஏச்செல்லாம் நேற்றோட முடிஞ்சுது, வீரமுத்து; இண்டைக்குத் திட்ட நீர்தான் ரெண்டு சொல்லித் தர வேணும்!"