தொண்ணூற்றேழு சதவீதம்

"உங்க பொண்ணு ஒரு திருடி!"

சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைத் தலைமையாசிரியரின் மேஜைமேல் டப்பென்று வைத்தார் கம்ப்யூட்டர் டீச்சர். தாள் முழுக்கச் சிவப்புக் கோடுகள். தலைப்பில் கொட்டை எழுத்தில் 97%.

எதிரே எட்டாம் வகுப்புப் பெண்ணும் அவள் அம்மாவும். பெண்ணுக்கு அழுதழுது மூக்கு வீங்கியிருந்தது. அம்மாவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"என்னத்தங்க திருடினா?"

"கட்டுரையை! 'கணினியும் கற்றலும்'னு எழுதச் சொன்னா, நூத்துக்குத் தொண்ணூத்தேழு காப்பி. நான் சொல்லலம்மா, சாஃப்ட்வேர் சொல்லுது."

தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. "போன வாரம்தான் புதுசா வாங்கினோம். எந்த வெப்சைட்லேர்ந்து சுட்டாலும் லபக்குனு புடிச்சுடும். டீச்சரும் லேசுப்பட்டவங்க இல்ல. போன மாசம் ஆசிரியர்கள் போட்டியில மெடல் வாங்கினவங்க!"

"போதும் சார், போதும்" என்று வெட்கப்பட்டார் டீச்சர். "நாப்பத்திரண்டு கட்டுரை, ரெண்டு மாசமா மெயில்ல கிடந்துச்சு. சாஃப்ட்வேர்ல போட்டேன், அஞ்சே நிமிஷம்! ஒண்ணைக்கூடப் படிக்க வேண்டிய அவசியமே இல்ல!"

ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்!

டீச்சர் இன்னொரு தாளை நீட்டினார். "மன்னிப்புக் கடிதம். நானே டைப் பண்ணிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்குக் காலையில இவ எல்லார் முன்னாடியும் இதைப் படிக்கணும். இந்த வருஷம் முழுக்க கம்ப்யூட்டர் லேப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"நான் காப்பி அடிக்கலம்மா!" பெண் தேம்பினாள். "எல்லாம் நானே யோசிச்சு எழுதினது."

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

அம்மா பேனாவை எடுத்தார். மகளை ஒரு தடவை பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கேர்ந்து காப்பி அடிச்சான்னு காட்டுங்க. கண்ணால பாத்துட்டுப் போடறேன்."

"அதெல்லாம் ரெண்டாவது பக்கத்துல இருக்கும். பேப்பர் வேஸ்ட்டுனு பிரிண்ட் எடுக்கல."

"பரவாயில்லைங்க. லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இருந்து பாத்துட்டே போறேன்."

"கேக்கறதுல தப்பில்லையே" என்றார் தலைமையாசிரியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கம்ப்யூட்டரில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, இரண்டாம் பக்கத்தில் இருந்த லிங்க்கைத் தட்டினார். "நெட் வேற நத்தையா ஊருது... ஆங், எழுத்து மட்டும் வருது. படம் இன்னும் வரல. இருங்க, படிக்கிறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'கணினி முகம் பார்க்காது. பணக்காரப் பிள்ளை கேட்டாலும், ஏளைக் குளந்தை கேட்டாலும், ஒரே மாதிரி அளகாகச் சொல்லித் தரும்...' என்ன கண்றாவி இது! ஏளை, குளந்தை, அளகு... ழ வர்ற இடத்துல எல்லாம் ள போட்டிருக்கே!"

சிவப்புக் கோடு போட்ட கட்டுரைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். "அட, இவ கட்டுரையிலயும் அதே ஏளை, அதே குளந்தை!"

டீச்சர் கைதட்டாத குறை.

"பாத்தீங்களா சார்! தமிழே தெரியாத எந்தத் தத்தியோ எழுதினதை, அது விட்ட பிழையைக்கூட மாத்தாம அப்படியே தூக்கி ஒட்டியிருக்கா! திருடறதுதான் திருடறே, ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுத் திருடக் கூடாதா? இப்படியா வெக்கமில்லாம இருப்பாங்க!"

அம்மா குறுகிப்போனார். "அந்தத் தப்பு என்னோடதுங்க" என்றார் மெதுவாக.

"உங்களோடதா?"

"வீட்ல இருக்கறது யாரோ வேணாம்னு கொடுத்த பழைய கம்ப்யூட்டர். ழ அடிக்கிற கீ கழண்டு விழுந்துடுச்சு. 'என்னம்மா பண்றது'ன்னு இவ ஒரே அழுகை. நான்தான், 'ள போட்டு அடிடி, படிக்கிறப்போ டீச்சர் புரிஞ்சுக்குவாங்க'ன்னு சொன்னேன்."

படிக்கிறப்போவாம்!

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணும்மா. உங்க வீட்ல கீ விழுந்தா, எங்கேயோ இருக்கற வெப்சைட்ல எப்படி ள வரும்? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"நல்ல கேள்வி" என்ற தலைமையாசிரியர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். கம்ப்யூட்டரில் படம் மெல்ல வந்துகொண்டிருந்தது. முதலில் கொண்டை வந்தது. அப்புறம் நெற்றி. அப்புறம் கண்ணாடி.

தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடியும் அதே முகம்தான்.

மானிட்டரை எல்லோர் பக்கமும் திருப்பினார்.

'ஆசிரியர்கள் போட்டி: முதல் பரிசு பெற்ற கட்டுரை' என்று மேலே போட்டிருந்தது. போன மாதத் தேதி. பரிசு கொடுத்தவர்களிடமும், படிக்காமலே மார்க் போடும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் இருந்திருக்க வேண்டும். கீழே, கழுத்தில் மெடலோடு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார் கம்ப்யூட்டர் டீச்சர்.

அந்தப் பெண் தேம்பலை நிறுத்திவிட்டாள்.

தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதத்தை எடுத்து, டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் டீச்சர், உங்க வீட்டுக் கீபோர்டுலயும் ழ விழுந்துடுச்சா?"