பூட்டிய வீடுகள்

ஒன்பதாவது வீட்டிலும் தேடி வந்த ஆள் இல்லை. செத்துப் பதினோரு வருஷம்.

பட்டியலில் பொன்னுரங்கம் என்ற பெயருக்கு எதிரே பேனாவை வைத்தபடி நின்றாள் அறிவுமதி.

இருபது வருஷத்துக்கு முன், ஐம்பதைத் தொட்டவர்களாகப் பார்த்துத் தெருவுக்குப் பத்துப் பேரை எழுதிக்கொண்டு போன ஆய்வு. இப்போது அதே ஆட்களைத் தேடிப் பிடித்து, 'கஷ்டமென்றால் உங்களுக்கு எத்தனை பேர் ஓடி வருவார்கள்?' என்று கேட்க வேண்டும். துணை இருப்பவர்களுக்கு ஆயுசு கூடுகிறதா என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

நேற்று கடலூரில், ஆபீசர்கள் குடியிருக்கும் தெருவில், பத்தில் ஒன்பது பேர் தாங்களே வந்து கதவைத் திறந்தார்கள். யார் ஓடி வருவார் என்றதற்கு ஒரு பெரியவர் வெகுநேரம் யோசித்து, டிரைவர் என்றார்.

இன்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனி.

பொன்னுரங்கத்தின் மனைவி ராசம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சாரு. தெருவே ஓடியாந்துச்சு. ஏத்திக்கிட்டுப் போவத்தான் ஒரு வண்டி இல்ல. ஒனக்குத் தெரியாததா, எழுதிக்க."

சிதம்பரத்தில் ஏசி ரூமில் இருந்து ஆய்வை மேற்பார்க்கும் கார்த்திகேசன் சாருக்குப் போன் போட்டாள்.

"டெத் சர்டிபிகேட் இருந்தா மூணு போடும்மா, இறப்பு. இல்லாட்டி ரெண்டு, வீடு பூட்டு. கதை கேட்டுக்கிட்டு நிக்காத."

புதைத்த மறுநாளே வேலைக்கு ஓடியவர்கள். இவர்களில் எவர் சர்டிபிகேட் வாங்கி வைத்தார்?

ஆக, சிதம்பரத்துக் கம்ப்யூட்டரில் இந்தக் காலனியில் ஒருத்தரும் சாகவில்லை. ஒன்பது வீடும் பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். வாசலில் ராசம்மாள் நிற்கிறாள். வீடு பூட்டு.

காலியாக இருந்த ஒன்பது கட்டத்திலும் மூன்று போட்டாள், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. பக்கத்திலேயே செத்த வயதையும் எழுதினாள். ஐம்பத்திரண்டு. அறுபது. ஐம்பத்தைந்து. சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

கடைசிப் பெயர் சின்னையன். அதற்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. மூன்று. ஐம்பத்தேழு.

அந்த ஒரு வீடு நிஜமாகவே பூட்டித்தான் இருந்தது.

சாவி அவள் பையில் கிடந்தது.