ஒன்றே முக்கால் அடி

செயற்கைக் கால் செய்பவர் மகனின் ஆஸ்பத்திரி ஃபைலுக்காகக் கை நீட்டியதும் பெரியவர் அதைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

ஏழு மாதமாக அந்த ஃபைலை அவர் யாரிடமும் விட்டதில்லை. ஆஸ்பத்திரி, ஸ்கேன் அறை, மருந்துக் கடை, எங்கே போனாலும் அவர் கக்கத்திலேயே இருந்தது. பிள்ளைமேல் அவ்வளவு பாசம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவரும் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

எந்தப் பக்கம் வேண்டுமோ தானே எடுத்துக் காட்டுவதாகச் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஃபைலை உருவிக்கொண்டார்.

எதிரே, நடை பழகுவதற்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே போட்ட நாற்காலியில் மகன் உட்கார்ந்திருந்தான். காலின் உயரம் பார்க்க ஒரு ஜோடி ஷூ கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வலது தேய்ந்து கிடந்தது, இடது புதுசாக மினுங்கியது. இடது ஷூவுக்குச் சம்பளத்தோடு ஏழு மாச லீவு என்று அவன் சொன்னதும், மூலையில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை.

செயற்கைக் கால் செய்பவர் பேச்சுப் பிரியர். இருபது வருஷமாகப் பார்க்கிறாராம். எழுந்து நடக்கத் தைரியம் வேண்டும், கொஞ்சம் பிடிவாதம் வேண்டும், இந்தத் தம்பியைப் போலத் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கவும் தெரிய வேண்டும். ஆனால் இது யாரால் வந்தது என்று தோண்டிக்கொண்டே இருப்பவர்கள் மட்டும் கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை என்று சொல்லியபடி பக்கங்களைப் புரட்டினார்.

நான்காவது பக்கத்தில் இருந்தது அது.

அச்சகத்தில் காகித உருளை ஏறி மகனின் பாதம் நசுங்கிய மறுநாள், கணுக்காலோடு எடுத்துவிட்டால் போதும் என்று டாக்டர் நீட்டிய காகிதம். மகன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தான். அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டார். சம்மதம் இல்லை என்று எழுதி, அதன் கீழே போட்டார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே விறைப்பாக நின்று டாக்டரிடம் சொன்னார்.

"எங்க வம்சத்துல நொண்டி கிடையாது. அப்படி ஒருத்தன் வீடு திரும்புறதுக்கு, திரும்பாமலே இருந்துடலாம்."

மூன்றாம் நாள் சீழ் முட்டியைத் தாண்டிவிட்டது. அப்புறம்தான் சம்மதித்தார்.

முட்டிக்கு மேலே எடுக்க டாக்டர்களே முடிவு செய்ததாகத்தான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவர். ஒரு விரற்கடை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளக்க வைத்தவர். கணுக்காலிலிருந்து முட்டிக்கு மேல் நாலு விரல் வரை ஒன்றே முக்கால் அடி. அதை மட்டும் அவர் அளந்து பார்க்கவில்லை. அளக்காமலே தெரியும்.

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

பாதத்தில் பட்ட அடிக்கு ஏன் இவ்வளவு மேலே எடுத்தார்கள், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டுமே என்று அந்த மனிதர் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்.

பெரியவரின் கண் மகன்மேல் போனது. இதோ மகன் திரும்பப் போகிறான். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லப் போகிறான்.

மகன் வலது ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்.

"நான்தாங்க வேணாம்னு அடம் பிடிச்சேன். அப்பா மூணு நாளும் கெஞ்சிப் பார்த்தார். நான் கேக்கல."

அந்த மனிதர் மகனைப் பார்த்தார். பக்கத்தின் அடியில் துளியும் கோணாமல் செங்குத்தாக நின்ற கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, நோயாளி மறுத்துவிட்டார் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஃபைலை மூடினார்.

ஒரு தப்பு பதிவேட்டில் ஏறுவதைப் பெரியவர் வாழ்நாளில் முதல்முறையாக வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நிற்பதற்காக மகன் அவர் தோளைப் பிடித்தான். முழு பாரமும் அந்தத் தோளில் இறங்கியது.

அந்த மூன்று நாளும் அவன் கண் திறக்கவே இல்லை.

காதும் கேட்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.