ஏழாவது மாங்காய்

“திருடினவ வீட்டுப் பலகாரம் எனக்கு வேண்டாம்” என்று குளோரி, லிஷா மதில்மேல் வைத்த வட்டயப்பத் தட்டை அந்தப் பக்கமே தள்ளி வைத்தாள். லிஷா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு வீட்டுக்கும் துணி காயப்போடும் கொடி ஒன்றுதான். இருபது நாளைக்கு முன் அந்தக் கொடியிலிருந்து குளோரியின் சேலை காணாமல் போனது. அன்று மத்தியானம் அங்கே துணி எடுக்க வந்தவள் லிஷா மட்டும். பதினாலு வருஷச் சிநேகிதி இப்படிச் செய்துவிட்டாளே என்பதில்தான் குளோரிக்கு வயிறெரிந்தது.

கல்யாணம் நிச்சயமான அன்று உடுத்த, புருஷன் ரபேலே பாறசாலைக்குப் போய் எடுத்து வந்த சேலை அது. பச்சைத் துணியில் மஞ்சள் மாங்காய் வரிசை. அச்சுக் குத்தியவனின் கைப்பிழை, முந்தானையில் ஏழாவது மாங்காய் தலைகீழாக நிற்கும். “எவ உடுத்தாலும் நான் கண்டுபிடிப்பேன்” என்று குளோரி காரோடு ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. ரபேலும் கூடச் சேர்ந்து தேடினான். கிணற்றுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தான்.

தட்டைத் தள்ளிய அன்று சாயங்காலம் ரபேலின் புது மீன்பிடி வள்ளத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குத் தந்தை கடற்கரைக்கு வந்தார். வள்ளம் தார்ப்பாய்க்குள் இருந்தது. பெயிண்ட் அடித்தவன் லிஷாவின் தம்பி ஜித்தின். சேலை காணாமல் போவதற்கு முந்தின நாள் தொடங்கிய வேலை, ஆளை மாற்ற முடியவில்லை. கள்ளிக்காடு ஊரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன் என்பதால் அவனுக்கு ஊர்ப் பேச்சு தெரியாது. தனக்கு வந்த அவமானத்தை லிஷாவும் அவனிடம் சொல்லவில்லை.

“இவன் கேட்டதுக்கு ஒண்ணும் நான் இல்லேண்ணு சொல்லல்ல ஃபாதர்” என்றான் ரபேல். “நல்ல பெயிண்ட், பிரஷ், துடைக்கத் துணி, மத்தியானம் மீன்கறியும் சோறும். டிசைன் மட்டும் அவனுக்க மண்டையாக்கும். காஞ்சிரங்குளம் வரைக்கும் இப்பிடி ஒண்ணு நான் கண்டதில்ல.”

தார்ப்பாயை இழுத்தார்கள். பச்சை வள்ளத்தில் மஞ்சள் மாங்காய்கள் வரிசையாக நின்றன. கூட்டம் கை தட்டியது. குளோரி மட்டும் விரல் விட்டு எண்ணினாள்.

ஏழாவது மாங்காய் தலைகீழாக இருந்தது.

“தண்ணி தெளிக்காதீங்க ஃபாதர். இது எனக்க சேலை.”

தந்தை தூக்கிய கையை இறக்கவில்லை.

“அக்காக்காரி எடுத்துக் குடுத்தா, தம்பிக்காரன் பாத்து வரைஞ்சான்” என்றாள் குளோரி. “இனி இவ என்ன சொல்லுவா?”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற லிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “மக்கா ஜித்தினே, நான் உனக்கு ஏதாவது சேலை தந்தேனா? உள்ளதச் சொல்லு. எனக்கு இந்த ஊருல தலை நிமிந்து நடக்கணும்.”

ஜித்தினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரபேல் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

“எலே, அது எனக்க பெஞ்சாதிக்கு நானே பாத்துப் பாத்து எடுத்த சேலையாக்கும். உனக்கு எங்கேருந்து கிட்டிச்சு?”

ஜித்தின் குனிந்து வள்ளத்துக்கு அடியில் கையை விட்டான். பெயிண்ட் காய்ந்து விறைத்துப்போன ஒரு பச்சைத் துணியை வெளியே இழுத்தான். பாதி கிழிந்திருந்தது, மாங்காய்கள் மிச்சமிருந்தன.

“இதப் பாத்துதான் வரைஞ்சேன்” என்று ரபேலிடம் நீட்டினான். “துடைக்க நீங்க தந்த துணியாக்கும் அண்ணே.”