துரைராசுவின் பகா எண்

வாட்ச்மேன் அடைக்கலசாமியின் கையை உதறிவிட்டு, கல்லூரி அரங்கின் நடுவழியே ஓடினாள் விண்ணரசி. மேடையில் பேராசிரியர் துரைராசுவுக்குப் பொன்னாடை போர்த்தி, தஞ்சாவூர்க் கலைத்தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பின்னால் திரை முழுக்க ஒரே ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. இருபதாயிரம் இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தனியாளாகக் கண்டுபிடித்தது என்று கல்லூரியே திரண்டிருந்தது.

“யாருய்யா இவளை உள்ள விட்டது?” மைக்கிலேயே சீறினார் துரைராசு.

விண்ணரசி அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவிதான். தன் கட்டுரைகளை அவர் அவருடைய பெயரில் போட்டுக்கொண்டார் என்று புகார் கொடுத்தாள். ஆதாரம் இல்லை என்று புகாரைத் தள்ளினார்கள்; கூடவே அவளையும் வெளியே தள்ளினார்கள்.

“இதுவும் உன்னோடதுன்னு சொல்ல வந்தியா? பாபநாசத்துல உங்கப்பாவுக்கு நாத்து பறிக்க ஆள் கிடைக்கலையாம். அங்க போ!”

முன்வரிசை சிரித்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். இந்த எண்ணுல என் கை படவே இல்லையா?”

“உன் நிழல்கூடப் படலை. கடைசி இலக்கம் வரைக்கும் நான் தேடினது.”

விண்ணரசி சிறப்பு விருந்தினர் பக்கம் திரும்பினாள். “மேடம், இது பகா எண்ணே இல்லை. டெஸ்ட் பண்ணிப் பாருங்க.”

சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சாஜிதா லேப்டாப்பைத் திறந்தார். எதிரே வைத்த காபி ஆறுவதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இது வகுபடுற எண்தான் சார். எதாலன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. ஆனா பகா எண் இல்லை.”

துரைராசு பொன்னாடையாலேயே கழுத்தைத் துடைத்தார். “எங்க லேப் மெஷின் பகா எண்ணுன்னு தப்பா காட்டியிருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண? இவ வயித்தெரிச்சல்ல குருட்டாம்போக்குல அடிச்சிருக்கா. தைரியம் இருந்தா எதால வகுபடும்னு சொல்லச் சொல்லுங்க. இவ பேரன் பேத்தி காலத்துலயும் முடியாது!”

“அது நிஜம்தான்மா,” என்றார் சாஜிதா. “இவ்வளவு பெரிய எண்ணை உடைக்கிற வழி இன்னிக்கு யாருக்கும் தெரியாது.”

விண்ணரசி மேடையேறி ஒரு பென்டிரைவை சாஜிதாவின் முன்னால் வைத்தாள். அதில் பத்தாயிரம் இலக்கத்தில் ஓர் எண் இருந்தது. அவர் திரையிலிருந்த எண்ணை அதைக் கொண்டு வகுத்தார்.

மீதி, பூஜ்யம்.

துரைராசு கலைத்தட்டை மேசைமேல் வைத்தார்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?” சாஜிதாவின் குரல் இறங்கியிருந்தது.

“கண்டுபிடிக்கலை மேடம். சார் திருடுவாருன்னு தெரிஞ்சுதான், ரெண்டு எண்ணைப் பெருக்கி, பகா எண்ணுன்னு பேர் போட்டு லேப்ல விட்டுட்டுப் போனேன்.”