பக்கத்து மலைப் பையன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இலங்கை மலையகத்துப் பசறை டவுனில் நெட் கடை வைத்திருக்கும் ஸைனப் அக்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

2009இல் நடந்தது. மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நிசாந்தினி, ஞாயிறுதோறும் பஸ் ஏறி அக்காவின் கடைக்கு வருவாள். கொஞ்ச நேரம் பழைய சங்கப் பாட்டு, உரையோடு. மிச்ச நேரம் வாராவாரம் வரும் புதுக் காதல் தொடர். படித்ததைத் திங்கட்கிழமை கொழுந்து பறித்தபடியே சொல்வாள். அவளுக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்கப் பெண்களுக்குள் சண்டையே வருமாம்.

ஒரு ஞாயிறு, அவள் படித்துக்கொண்டிருக்கும்போது வீரமலை கங்காணி கடைக்குள் வந்தார். அவள் வேலை செய்வது அவருக்குக் கீழேதான். நேரே ஸைனப் அக்காவிடம் போய், இந்தப் பிள்ளைக்கு இனி இடம் கொடுக்கக் கூடாது என்றார். நெட்டில் கண்ட காதல் கதையெல்லாம் படித்துவந்து தேயிலை மலையில் சொல்கிறாளாம். இனியும் சொன்னால், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் அவளுக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவாராம்.

அப்படி என்ன கதை என்று அக்கா கேட்டார்.

“மலையில ஒரு பொண்ணு. பக்கத்து மலைப் பையன் அவளைத் தேடி வர்றான். தெரிஞ்சதும் வீட்டுல புள்ளைய அடைச்சு வைக்கிறாங்க. பேர் சொல்லாட்டி எனக்கு வெளங்காதா தங்கச்சி? என் மகளைத்தானே கதையாக்கிச் சொல்றா?”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்றுதான் அதுவரை அவர் லயத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தார்.

நிசாந்தினி எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தாள்.

“நீங்களே படிச்சுப் பாருங்க மாமா. ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டு. இதுல காதலிக்கிறவங்க பேரைச் சொல்ற வழக்கமே இல்ல.”

கங்காணி திரையில் விரல் வைத்து, உரையை வரி வரியாகப் படித்தார்.

“அப்பவும் அடைச்சுத்தான் வச்சாங்களா?”

“ஆமாங்க மாமா.”

“கடைசியில என்ன ஆச்சு?”

“பெத்தவங்க சம்மதிச்ச பாட்டும் இருக்கு. பொண்ணு அவன்கூடப் போனப்புறம் ஆத்தா அழுத பாட்டும் இருக்கு. எதை எடுக்கட்டும்?”

அவர் முதலாவதைக் கேட்டார்.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பக்கத்துத் தோட்டத்துப் பையனேதான். சங்கப் பாட்டைக் கொழுந்துக் கூடையோடு நின்று சொல்கிற பிள்ளை வேறு எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று கங்காணி இப்போது பெரட்டிலேயே பெருமை பேசுகிறாராம்.

“எல்லாம் தற்செயலா அமைஞ்சதும்மா” என்று முடித்தார் ஸைனப் அக்கா.

எனக்குத்தான் மனம் அடங்கவில்லை. அந்தப் பாட்டுகளைத் தேடிப் படித்தேன். பெயர் எங்கும் இல்லை, அது சரி. பெண்ணின் காதலைப் பெரியவர்கள் காதில் போடுவது தோழியின் வேலை என்றும் இருந்தது.

பிறகு கங்காணியின் மகள் தனலெட்சுமியையே போய்ப் பார்த்துக் கேட்டேன். அவள் சிரித்தாள். “அந்த டாக்டர் மாப்பிள்ளை தொடரை எங்க புள்ள விட்ட?” என்று பெண்கள் நச்சரித்தும், அந்த மாதம் முழுக்க நிசாந்தினி அந்தப் பழைய பாட்டைத்தான் சொன்னாளாம். அதுவும், தனலெட்சுமியை அடைத்து வைத்திருந்த வீட்டு ஜன்னலுக்கு வந்து அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டு போய், கங்காணி பக்கத்தில் வந்து நிற்கும் நேரமாகப் பார்த்து.